சம்பந்தியின் நாக்கு

பாண்டிச்சேரிக்காரன் குடிக்கமாட்டான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சோதனைச் சாவடியில் பேருந்துக்குள் ஏறிய காவலரும் நம்பவில்லை. முன் சீட்டிலிருந்து ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டே வந்தவர், என் மடியில் இருந்த தகர டின்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"பன்னு சார்."

"தொற."

திறந்தேன். விடியற்காலையில் நானே சுட்டு அடுக்கிய பன்கள். இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

"அடியில?"

"அடியிலயும் பன்னுதான் சார்."

கையை உள்ளே விட்டார். பன்கள் நசுங்கின. அடித் தகரம் வரைக்கும் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டார். "பாண்டியிலேர்ந்து பன்னு எடுத்துட்டுப் போற ஆள இன்னிக்குத்தான்யா பாக்குறேன்" என்றார். பேருந்தே சிரித்தது. எனக்கு இரண்டு சீட் பின்னால் இருந்த ஒருவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு அவர் இறங்கும்போது, வேட்டிக்குள்ளிருந்து கண்ணாடியும் கண்ணாடியும் உரசும் சத்தம் கேட்டது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. போகிற இடத்தில் அவருக்காக நாலு பேர் காத்திருப்பார்கள்.

எனக்கு வாய்த்த நாக்கு அப்படி. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கினால் மூக்கு ஒழுகும். பால் குறைந்த காபி தொண்டையில் இறங்காது. பாகற்காய் வதக்குகிற வீட்டில் என்னால் உட்கார முடியாது. இருபத்து மூன்று வயதில் ஒரு கல்யாணத்தில் நண்பர்கள் வற்புறுத்தி பீர் கொடுத்தார்கள். வேப்பங்கொழுந்தைச் சோப்புத் தண்ணீரில் அரைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. அதே பாட்டிலில் இருந்துதான் மற்றவர்களும் குடித்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் பேசவே கூச்சப்படுகிறவன். குடிக்கிறவர்கள் இரண்டாவது கிளாசில் தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள், மூன்றாவதில் அழுகிறார்கள், மறுநாள் எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்கு அப்படி ஒரு வாசல் திறந்ததே இல்லை. பத்தாவது முடித்ததும் பேக்கரியில் சேர்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது. மாவும் சர்க்கரையும் வெண்ணெயும்தான் எனக்குத் தோதான கூட்டாளிகள்.

பயணத்துக்குக் காரணம் என் ஒரே மகள் சரண்யா. திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. பெண் வீட்டார் ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போட்டு, வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும். என் மனைவி வசந்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அக்காவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அதனால் சோறு ஆக்குவதும் நான், அழைத்து வருவதும் நான். வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

பாண்டிச்சேரியைவிட்டு வெளியே வந்தாலே எனக்கு அது வெளிநாடுதான். மெட்ரோ ரயிலில் ஏறும்வரை தைரியமாக இருந்தேன். "தேரடி ஸ்டேஷன்ல எறங்கு" என்று சம்பந்தி போனில் மூன்று முறை சொல்லியிருந்தார். வண்டிக்குள் டோல்கேட் என்று அறிவித்ததும், இதைத்தான் சொன்னாரோ என்று ஒரு சந்தேகம். பக்கத்தில் இருந்தவரைக் கேட்கக் கூச்சம். இறங்கிவிட்டேன். கதவு மூடிய பிறகுதான் வழித்தடப் படத்தில் தேரடி இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருப்பதைப் பார்த்தேன். மறுபடி ரயில் ஏற வெட்கப்பட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

அது இன்னொரு தவறு. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வால் பிடித்து ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. எங்கள் ஆட்டோ அவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பக்கத்து லாரியின் நிழலில் இரண்டு ஆந்திரா டிரைவர்கள் பம்பு ஸ்டவ்வை இறக்கிவைத்துச் சோறு வடித்திருந்தார்கள். ஒருவர் ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தார். சோறு செங்கல் நிறத்துக்கு வந்தது. எங்கள் பேக்கரியில் ஏனாம்காரர் ஒருவர் வேலை செய்வதால் எனக்குத் தெலுங்கு கொஞ்சம் புரியும். "இந்தத் தடவை உன் பெண்டாட்டி காரமே போடவில்லை, கோபமா?" என்று ஒருவர் கேட்டார். "நீ சாப்பிடப் போகிறாய் என்று தெரிந்து குறைத்திருக்கிறாள்" என்றார் மற்றவர். இருவரும் சிரித்துக்கொண்டே பச்சை மிளகாயைக் கடித்தார்கள். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த எனக்குக் காற்றில் வந்த நெடிக்கே இருமல் வந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. சம்பந்தி ஏழுமலை வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இஞ்சின் பார்க்கிற மெக்கானிக். என் வயதுதான். குரல் மட்டும் மூன்று பேருக்கு ஆகும்.

"வா சம்பந்தி, வா வா! இன்னா இம்மா நேரம்? டோல்கேட்ல எறங்கிட்டியா? தேரடி தேரடின்னு படிச்சு படிச்சு சொன்னேனே! மூஞ்சி வாடிகினு கீது பாரு. தனம், சம்பந்திக்கு மோரு குடு, உப்பு கம்மியா."

எங்கள் பக்கத்தில் சம்பந்திகள் சாகிறவரை ஒருவரை ஒருவர் "நீங்க, வாங்க" என்பார்கள். இவர் கல்யாணத்தன்றே என்னை "நீ" என்று ஆரம்பித்துவிட்டார். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அப்படிப் பேச என்னால் முடியாது என்பதுதான் குறை.

உள்ளே நுழைந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. கருவாட்டுக் குழம்பு. பாண்டியிலும் கடல் இருக்கிறது, கருவாடு இருக்கிறது. என் வீட்டில் மட்டும் கிடையாது. சம்பந்தி அம்மாள் தனம் எனக்கென்று தனியாகத் தயிர்ச் சோறும் அப்பளமும் வைத்திருந்தார். நல்ல மனுஷி. ஏழுமலை என் பன் ஒன்றை எடுத்துப் பிய்த்து, கருவாட்டுக் குழம்பில் முக்கி வாயில் போட்டார்.

"சொம்மா சொல்லக்கூடாது சம்பந்தி, கொளம்புக்கு ஷோக்கா கீது உன் பன்னு."

முப்பத்தைந்து வருடமாக பன் சுடுகிறேன். இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. மாப்பிள்ளை பிரபு மட்டும் குழம்பைத் தொடாமல் நாலு பன்னை வெறுமனே தின்றான்.

சரண்யா கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கன்னம் உப்பியிருந்தது. "நைனா, அடி மண்டியைக் கொஞ்சம் எனக்கு ஊத்து" என்று மாமனாரிடம் தட்டை நீட்டினாள். அவர் சட்டியைச் சாய்த்து, கரண்டியால் வழித்து, ஒரு துண்டும் விடாமல் அவள் தட்டில் போட்டார். அவள் விரலை நக்கினாள். நெற்றியில் வேர்வை. "சூப்பர் நைனா." இருபத்தைந்து வயது வரை என் வீட்டில் சாப்பிட்ட பெண். ஒரு நாளும் இப்படி வேர்க்க வேர்க்க, விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பிரபு அவன் அப்பாவை நைனா என்பான். இவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். என்னை அப்பா என்கிறாள். அப்பா என்ற சொல் அன்றைக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே? பிரசவத்த இங்கேயே வெச்சுக்கட்டுமா?"

"ஏம்மா? ஆஸ்பத்திரிக்காகவா?"

"ஆஸ்பத்திரி அங்கயும் நல்லாத்தான் இருக்கு. சோறுதான்பா." குரலைத் தாழ்த்தினாள். "மொத மூணு மாசம் தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. இந்தக் கருவாட்டுக் கொழம்பு ஒண்ணுதான் உள்ள நின்னுச்சு. நைனா தெனம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்காக வாங்கியாந்து குடுத்துட்டுப் போவாரு. அங்க வந்தா எனக்கு வாய்க்கு ஒண்ணுமே பிடிக்காதுப்பா."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம், அக்கா என்ன சொல்வாள், அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் சொன்னேன். அதெல்லாம் காரணம் இல்லை. மூன்று வருடமாக அந்த வீட்டில் ஒரு தட்டுதான் கழுவுகிறேன். அவள் வரப்போகிறாள் என்று ஒரு மாதமாக ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வளையல் போட்டு முடியட்டும். யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை ஏழுமலை என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊரில் கடல் என்றால் சாயங்காலம் நடை போவதற்கு. இங்கே கடலை மறித்துப் பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை கல்லில் மோதி ரோடு வரைக்கும் தெறிக்கிறது. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஒரு மருந்து வாடை. எனக்குத் தலை வலித்தது. "இன்னா வாடை? ஒண்ணியும் இல்லியே" என்றார் ஏழுமலை. போகிற வழியெல்லாம் அவரைக் கூப்பிட ஆள் இருந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர், பஞ்சர் கடையில் ஒரு பாய், வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர். "யாரு இது, சம்பந்தியா? பாண்டியா? அப்ப சரக்கு எங்க?" எல்லோரும் அதையே கேட்டார்கள். நான் எல்லோரிடமும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

ஆறு மணிக்கு மொட்டைமாடியில் பாய் விரித்தார். அவருக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தி, உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டு. எனக்கு சோடா.

"தோஸ்துங்களாண்ட சம்பந்தி பாண்டின்னு பீத்திகினு கீறேன். நீ பன்னு எத்துகினு வந்துகிற. நாயமா சொல்லு?"

"எனக்கு ஒத்துக்காது."

"ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாரு. புடிக்கலன்னா துப்பிடு. எவன் கேக்கறான்?"

வேறு ஒரு நாளாக இருந்தால் மறுத்திருப்பேன். ஆனால் இரண்டு நாளாக ஒரு எண்ணம் மனதைக் குடைந்துகொண்டிருந்தது. இந்த மனிதரின் நாக்கு எனக்கு இருந்திருந்தால் என் பெண் என்னோடு வந்திருப்பாள். கிளாசை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

முதலில் நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பு வந்தது. மண்ணெண்ணெய்த் துணியை உறிஞ்சியதுபோல். அப்புறம் மூக்குக்குள் ஏறியது. கண்ணில் நீர் கொட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். சிரிக்கவில்லை.

"உங்களுக்கு இது எப்படி இருக்கு?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

யோசித்தார். இன்னொரு வாய் குடித்து, வாய்க்குள்ளேயே வைத்திருந்து, விழுங்கினார். "மொதல்ல தித்திப்பாகீது. அப்பால நெஞ்சாண்ட ஒரு சூடு. அவ்ளோதான்."

"கசக்கலையா?"

"எதுல கசப்பு?"

ஒரே பாட்டில். எனக்கு மண்ணெண்ணெய், அவருக்குத் தித்திப்பு. இதில் அவர் திறமை என்ன, என் குற்றம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

"பழக்கம் சம்பந்தி. மொத தபா நானும் வாந்தி எத்தவன்தான். இஞ்சின் ரூம்ல டீசல் நாத்தத்துல குந்திகினு வேலை செய்ய சொல்லோ, எல்லாம் மரத்துப் பூடும். நாக்கும் அப்டித்தான். பழக்குனா பழகும்."

"பழக்கம்னா, உங்க வீட்லயே வளர்ந்த மாப்பிள்ளை ஏன் காரமே தொடறதில்ல?"

நான் பொதுவாக எதிர்ப்பேச்சு பேசுகிறவன் அல்ல. வாயில் பட்ட பிராந்தி பேச வைத்ததோ என்னவோ. ஏழுமலை கிளாசைக் கீழே வைத்தார். "அத்த வுடு" என்றார். அதற்குப் பிறகு இஞ்சின்களைப் பற்றி மட்டும் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அடுப்பு மூட்டினேன். சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று ஐந்து சோறு. வசந்தா எனக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். எனக்குத் தெரிந்த கை அது ஒன்றுதான். பத்து மணிக்கெல்லாம் தெருப் பெண்கள் வந்து கூடம் நிறைந்தது. சரண்யாவை மணையில் உட்கார வைத்து, முதலில் வேப்பிலைக் காப்பைப் போட்டார் தனம். அதற்கு மேல் கண்ணாடி வளையல்கள் ஏறிக்கொண்டே போயின.

நடுவில் ஒரு சின்ன காரியம் நடந்தது. பெண்கள் சந்தனம் பூச வரிசையில் நிற்கும்போது, சரண்யா சும்மா இருக்க முடியாமல் காப்பிலிருந்து ஒரு வேப்பிலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். வெற்றிலை மெல்கிற மாதிரி. எனக்கு, பார்த்த கண்ணுக்கே கசந்தது.

"துப்பும்மா" என்றேன்.

"ஏம்ப்பா? நல்லாத்தான் இருக்கு." என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சரண்யா ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். பக்கத்தில் உட்காரச் சொல்லி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "படிக்கும்போது ஒரு நாள் எங்க எல்லாருக்கும் ஒரு துண்டு காகிதம் குடுத்து நாக்குல வைக்கச் சொன்னாங்கப்பா. அதுல ஏதோ மருந்து தடவியிருக்கும். சில பேர் கசக்குதுன்னு ஓடிப்போய்த் துப்பினாங்க. எனக்கு வெறும் காகிதம்தான். பொறப்புலயே அப்படி. நாக்குல இருக்கிற மொட்டெல்லாம் ஆளுக்கு ஆள் வேற. உன் நாக்குக்கு எல்லாமே கூடுதலாத் தெரியுதுப்பா. எனக்குக் கம்மியாத் தெரியுது. அதான் எனக்கு தூக்கலா வேணும்."

"யாரு மாதிரி நீ?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் வளையல்களைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா மாதிரி" என்றாள். "உனக்குத் தெரியாது. நீ பேக்கரிக்குப் போனதும், வாரத்துல ஒரு நாள் மத்தியானம் அம்மா கருவாடு சுடும். தோட்டத்துப் பக்கம் அடுப்ப வெச்சு. பழைய சோறு, கருவாடு, பச்ச மிளகா. ரெண்டு பேரும் போட்டி போட்டுத் தின்னுவோம். நீ வர்றதுக்குள்ள சட்டியக் கழுவி, எலுமிச்சந்தோல் தேச்சு, சாம்பிராணி போட்டுடும். வெள்ளிக்கிழமைன்னு நீ நெனச்சுக்குவ. பல நாள் அது புதன்கிழமை."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்னைப் போலவே மெத்தென்ற சாப்பாடு பிடிக்கும் என்று இருபத்தேழு வருடம் நினைத்திருந்தேன். என் நாக்குதான் வீட்டை ஆண்டிருக்கிறது. அவர்கள் இருவரும் அதற்குப் பின்னால் ஒரு தனி வீடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அந்த மத்தியானங்களில் வசந்தா எப்படிச் சிரித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. இறந்துபோன மனைவி மேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபப்பட முடியவில்லை. ஒளித்தது எனக்காகத்தான்.

பந்தி ஆரம்பித்தது. பெண்கள் புளிச் சோற்றை வாயில் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாக்கா, புளி சோத்துல புளி எங்க?"

"பாண்டிலயே வுட்டுட்டு வந்துட்டாரு போல."

"சும்மா இருடி, புள்ளத்தாச்சி வூட்டு சோறு. ஊறுகா எத்தா."

ஊறுகாய்ப் பாட்டில் பந்தி முழுக்கச் சுற்றியது. நான் வாளியோடு சுவரோரம் ஒதுங்கி நின்றேன். கடைசி வரிசையில் பிரபு உட்கார்ந்திருந்தான். தேங்காய்ச் சோற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தான். "மாமா, இன்னும் கொஞ்சம்." போட்டேன். தயிர்ச் சோறு இரண்டு முறை. மறுபடி தேங்காய்ச் சோறு. தலையைக் குனிந்துகொண்டு, அவசரமாக, பசியில் இருந்தவன் மாதிரி சாப்பிட்டான். இலையை வழித்துவிட்டு, "மாமா, வயித்துக்கு எதமா இருக்கு" என்றான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. வாளியை வைத்துவிட்டுத் திரும்பினால் ஏழுமலை கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு ஏழுமலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பாட்டில் எதுவும் இல்லை. நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

"அவன் சின்னப் புள்ளையா இருக்க சொல்லோ, காரம் துன்னாதவன் இன்னாடா ஆம்பளன்னு வாயில வெச்சு அமுக்கியிருக்கேன் சம்பந்தி. கண்ல தண்ணி ஊத்தும். ஒரு வார்த்த சொல்லமாட்டான். போட்டத துன்ட்டு எந்திரிச்சுப் பூடுவான். இருவத்தெட்டு வருசம். இன்னிக்குத்தான் எம்புள்ள இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டுப் பாக்கறேன். அதுவும் உன்னாண்ட." மூக்கை உறிஞ்சினார். "உன்னப் பாத்தா வயிறு எரியுது."

என்னைப் பார்த்து ஒருவர் வயிறு எரிவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எனக்கும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "உங்களப் பாத்து. வெள்ளிக்கிழமையிலேர்ந்து."

"எதுக்கு?"

"அடி மண்டிக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. "அட பேஜாரே" என்று என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. நகராமல் இருந்தேன்.

சாயங்காலம் சரண்யா பதில் சொல்வதற்கு முன்னால் நானே போய்ப் பேசினேன். வழியில் வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"நீ வாம்மா. உனக்குப் பிடிச்சதச் செஞ்சுக்க."

"உன்னால அந்த வாடையில இருக்க முடியாதுப்பா."

"நான் பேக்கரிக்குப் போயிடறேன்."

"அது வேணாம்." தலையை ஆட்டினாள். "நீ இல்லாதப்ப ஒளிஞ்சு துன்றது அம்மாவோட போகட்டும். எனக்குப் பொறக்கப் போறத வெச்சுகினு நான் எலுமிச்சந்தோல் தேச்சுட்டு இருக்க முடியாது."

"அப்ப நான் வீட்ல இருக்கும்போதே செய்."

"சாப்பிடும்போது எழுந்து போகக்கூடாது."

"போகமாட்டேன்."

"மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கக் கூடாது."

"அது என் கையில இல்லம்மா" என்றேன். "உக்காந்திருப்பேன். அது மட்டும் நிச்சயம்."

அவள் என்னையே பார்த்தாள். வளையல் நிறைந்த கையை என் கைமேல் வைத்தாள். "சரி. நாளைக்கு ராகு காலம் கழிச்சுக் கெளம்பலாம். கருவாடு நல்லதா இருக்கணும்பா. அங்க எனக்கு எந்தக் கடை நல்லதுன்னு தெரியாது."

உள்ளேயிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார். "அத்த நான் வாங்கித் தர்றேன். ஒரு கூடை கட்டித் தரேன், இன்னா இப்ப!"

"வேணாம் சம்பந்தி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் வாங்கறேன். வண்டி மட்டும் குடுங்க."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் அவரே என்னைப் பின்னால் உட்கார வைத்துக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனார். மார்க்கெட் வாசலில் யாரோ ஒரு படகுக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை அங்கேயே இஞ்சின் பேச நின்றுவிட்டார். நான் தனியாக உள்ளே போனேன்.

இருபுறமும் கருவாட்டுக் குவியல். என் வாழ்க்கையில் அவ்வளவு வாடைக்கு நடுவில் நான் நின்றதில்லை. துண்டை எடுத்து மூக்கில் வைக்கக் கை போனது. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பிழைக்கிற இடம். வைக்கவில்லை.

"வா நைனா, இன்னா வோணும்? நெத்திலி கீது, வாளை கீது, சொறா கீது" என்றார் ஒரு அம்மாள்.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

"மோந்து பாரேன். இன்னாத்துக்கு மூக்கு வெச்சுகினு கீற?"

நெத்திலியை ஒரு கை அள்ளி முகர்ந்தேன். கண்ணில் நீர் வந்தது. கீழே போட்டுவிட்டு, பக்கத்துக் குவியலில் ஒரு கை அள்ளினேன். அதுவும் அதே நெத்திலிதான். ஆனால் முதல் குவியலின் வாடைக்கு அடியில் ஒரு புழுங்கல் நெடி இருந்தது, ஈரம் சரியாகப் போகாத மாவு மூட்டைக்கு வருமே, அது. இரண்டாவதில் அது இல்லை. உப்பு, வெயில், கடல். அவ்வளவுதான். மறுபடி இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"இது மழையில நனைஞ்சு மறுபடி காஞ்சதாம்மா?" என்று முதல் குவியலைக் காட்டிக் கேட்டேன்.

அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பினார். "ஏ இவளே, இங்க பாருடி. ஓரத்துல ஒரு மூட்டைதான் லேசா நனஞ்சுது. எத்தினி பேரு வாங்கிகினு போனான், ஒருத்தனும் கண்டுக்கல. இன்னா மூக்குயா உனக்கு!" என்றவர், தானே இரண்டாவது குவியலிலிருந்து அள்ளித் தராசில் போட்டார். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "நீ மெக்கானிக் ஏழுமலை வண்டில வந்து எறங்குனவன்தானே? அவுரு மருமவளுக்கா? மாசமா கீறான்னு தெனம் வந்து வாங்குவாரே, அந்தப் பொண்ணுக்கா?"

"என் பொண்ணுக்கு" என்றேன்.